நைனா ஒளித்துவைத்த காலி பாட்டில்கள்

என் தங்க நைனாவுக்கு,

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறேன். மாதா மாதம் வருகிற அதே வயிற்று வலிதான். நீ இருந்திருந்தால் என்ன ஏது என்று கேட்டிருக்க மாட்டாய். மூஞ்சியைப் பார்த்ததுமே அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பாய். உன் மாப்பிள்ளை கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். ஆனால் நல்ல மனுஷன், தெரிந்த பிறகு சும்மா இருப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பிலிருந்து ரப்பர் பை ஒன்று வாங்கி வந்து, அதில் வெந்நீர் நிரப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். இப்படி ஒரு பை விற்பது அந்தக் காலத்தில் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் காசிமேட்டில் நம் வாசலில் தெருவே கூடியிருக்காது.

அம்மா போனபோது நான் சின்னப் பெண். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த நீ, குடியும் அழுகையுமாகக் கிடந்தாய். அம்மாவின் முதல் வருஷப் பூசை அன்று மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாய். உன் அக்கா, மாதவரம் அத்தை, பக்கத்திலேயே நின்றிருந்தாள். "தொட்டன்னு தெரிஞ்சுது, பொண்ண நான் இட்டுகினு பூடுவேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டாள். நீயும் தலையாட்டினாய். அதற்குப் பிறகு நீ தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் வயசுக்கு வந்தபோது அத்தைதான் வந்து தண்ணீர் ஊற்றினாள். துணி மடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாதவரத்துக்குத் திரும்பினாள். வலிக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சுருண்டு கிடந்த என்னைப் பார்த்து நீ முதலில் வாங்கி வந்தது ஓமத்தண்ணீர். அடுத்த மாதம் சோடா. "கண்ட கடைல பஜ்ஜி துன்னியா?" என்று மிரட்டல் வேறு!

அதற்கடுத்த மாதம்தான் உனக்கு உறைத்தது. ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். தெரிந்தவர்கள் யாரும் வராத கடையாகப் பார்த்து டோல்கேட் வரை நடந்துபோய், பேப்பர் சுற்றிய நாப்கின் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தாய். அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாய். கப்பலின் அடியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி கத்துகிற ஆள் நீ. அன்று அந்தக் கடைக்காரரிடம் எந்தக் குரலில் கேட்டாய் நைனா? கடைசி வரை நீ சொல்லவே இல்லை.

நாப்கின் தீர்ந்த பிறகு, பாவாடைக்கு அடியில் மறைத்து நான் காயப்போட்ட துணியையும் பார்த்துவிட்டாய். "வெயில் படற எடத்துல போடும்மா. ஈரத்தக் கட்டிகினா சொறி புடிக்கும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். மறுநாள் மொட்டை மாடியில் புதுக்கயிறு கட்டியிருந்தது.

வலிக்குப் பாட்டில் வைப்பதும் உன் யோசனைதான். காயலான் கடைக்குப் போய் காலி பிராந்தி பாட்டில்களாகப் பொறுக்கி எடுத்து வந்தாய். அவை தட்டையாக இருப்பதால் வயிற்றின்மேல் உருளாமல் நிற்கும் என்பது உன் கணக்கு. கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் முதல் பாட்டில் பட்டென்று விரிசல் விட்டது. அப்புறம் கொஞ்சம் ஆறவைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, உன் பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாய். அடிவயிற்றில் வைத்ததும் வலி மெல்ல இளகும். அந்தச் சுகத்தில் எத்தனையோ மத்தியானம் தூங்கிப்போயிருக்கிறேன். உடைந்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று நாலைந்து பாட்டில்களை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாய். "யாராண்டயும் சொல்லாத நைனா" என்று கெஞ்சினேன். "சொல்ல மாட்டேன் போ" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமக்கு மீன்குழம்பு வைத்துத் தர வந்த அத்தை அரிசி எடுக்கக் குனிந்தாள். அவ்வளவுதான்.

"மாதா முன்னாடி சத்தியம் பண்ணியேடா பாவி!"

"குடிக்கலக்கா."

"பின்ன இது இன்னா, சாமியார் குடுத்த தீர்த்தமா?"

அத்தை போட்ட கூச்சலில் அக்கம்பக்கமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குமேல் நீ வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அத்தை அழுதுகொண்டே என் துணிமணிகளைப் பைக்குள் அடைக்க ஆரம்பித்தாள். நீ கண் கலங்கி நின்றாய். எனக்குக் கொடுத்த வாக்குக்காக என்னையே விட்டுக்கொடுக்கத் துணிந்தாயே, அப்படி என்ன வீம்பு உனக்கு?

எனக்கோ சொல்ல வெட்கம். வாசலில் ஆம்பளைகள் வேறு நிற்கிறார்கள். ஆனால் அத்தை என் கையைப் பிடித்து இழுத்ததும் வெட்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அத்த, அது எனுக்கு! மாசா மாசம் வருதே, அப்போ வலில உயிரு போவுது. நைனா சுடுதண்ணி ஊத்தி ஒத்தடத்துக்குக் குடுக்குது. நைனா குடிக்கல!"

நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அத்தை ஒரு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். கையால் தடவிப் பார்த்தாள்.

"இத யாருடா உனுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ஹார்பர்ல இடுப்பு புடிச்சிகினா நாங்க இப்டித்தான் வச்சிப்போம்க்கா. எந்த வலியா இருந்தா இன்னா, சூடு வச்சா கேக்கும்."

அத்தை தரையில் உட்கார்ந்து மறுபடியும் அழுதாள். இந்த முறை உன்மேல் கோபமில்லை. "வயசுக்கு வந்த நாளா துடிச்சிகினு கீறேன்டா. பெத்தவளும் கேக்கல, கட்னவனும் கேக்கல" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எனுக்கு ஒண்ணு குடுடா" என்று கை நீட்டினாள். என் துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பையில் பிராந்தி பாட்டிலை வைத்துக்கொண்டு மாதவரம் பஸ் ஏறினாள். கண்டக்டர் பையைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று நீயும் நானும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

நைனா, உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. போன வருஷம் நெஞ்சைத் தடவிக்கொண்டே நடமாடினாய். கேட்டபோதெல்லாம் "ஒண்ணியும் இல்லம்மா, கேஸு" என்றாய். நீ ஒரேயடியாகப் போகிற வரை நானும் நம்பினேன். அது கேஸ் இல்லை என்று உனக்குத் தெரிந்துதானே இருந்தது? என் வலிக்காக டோல்கேட் வரை நடந்த நீ, உன் வலியைச் சொல்ல அடுத்த அறைக்கு ஏன் வரவில்லை? அதையும் யாராண்டயும் சொல்லாதே என்று நானா உன்னிடம் கெஞ்சினேன்?

இன்று காலை சூப்பர்வைசருக்கு போன் செய்தபோது, "காய்ச்சல்னு போட்டுக்கட்டாம்மா?" என்றார். "இல்ல சார், பீரியட்ஸ் வலி" என்றேன். அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. இருமட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வலித்தால் படுப்பேன். ஏன் என்று கேட்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்வேன். இந்த வீட்டில் யார் வயிற்றையோ நெஞ்சையோ பிடித்துக்கொண்டு "ஒண்ணியும் இல்ல" என்றாலும், நம்பவே மாட்டேன். உன்னை நம்பிக் கெட்டது போதும் நைனா.

அத்தையோடு போகாமல் உன்னிடமே வளர்ந்த
உன் மகள்,
ஸ்டெல்லா