பாதிக் கிணற்றின் சொந்தக்காரன்

1968 ஆவணி, வெள்ளிக்கிழமை, இரவு.

கடனுக்கு ஈடு வைத்து மூழ்கிய வீட்டை நீதிமன்ற ஏலத்தில் எடுத்த, கரவெட்டி ஊருக்கே சக்கரவர்த்தியான நான், இன்று குடிபுகுந்தேன். உள்ளது உள்ளபடி விற்றார்கள். உள்ளதில் கதவுகள் இல்லை. கூரையில் ஓட்டைகள் வானத்து நட்சத்திரங்களை விட அதிகம். அதைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லையாம். ஆனால் பங்குக் கிணற்றில் பாதி எனக்குத்தான், காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது என்று வழக்குப் பேசிய பிரக்கிராசியார் மேசையில் அடித்துச் சொன்னார்.

பால் காய்ச்சத் தண்ணீர் அள்ளப் போனேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா தண்ணீர் இறைக்கும் துலாவை விட்டு விலகி நின்றாள். இந்த வீட்டை ஏலத்தில் இழந்தவள் அவளுடைய தங்கை.

"பாதிக் கிணறு என்ரை, பிள்ளை. இனி மழையும் என்னட்டைக் கேட்டுத்தான் பெய்யவேணும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஓம் அண்ணை, உங்கடை பங்குதான். வடிவா அள்ளுங்கோ. எங்களை உங்களோடை கதைக்கச் சொல்லி உறுதியிலை எழுதேல்லை."

வாளியை வைத்துவிட்டுப் போய்த் தன் வேலிப் படலையைச் சாத்தினாள்.

ஊர் முழுவதற்கும் சொல்லிவிட்டுப் பாய்கள் விரித்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. பால் பொங்கியபோது, "பொங்குது, பொங்குது" என்று கத்த ஆளில்லாமல் நானே மெதுவாகச் சொன்னேன். ஒரு சட்டிப் பாலைத் தனியே குடித்து முடித்த வீரன் மூன்று உலகத்திலும் நான் ஒருவன்தான்.

குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் விடிந்ததும், செல்லம்மா அள்ள வரும் நேரத்தில், கிணற்றடிக்குப் போவேன்.