எட்டு அடுக்கும் சரிதான், மல்லிகாக்கா

மெர்லிமாவிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே “சாப்பிட்டியா மா?” என்று கேட்கும் என் மல்லிகாக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அதற்கு முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. கம்பெனி முழுக்கத் தெரியும்படி உங்களைக் குற்றம் சொன்னேன். அதனால் இதையும் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அந்தப் பலகை ஞாபகம் இருக்கிறதா? பிசின் தோய்த்த கார்பன் நார்த் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக எட்டு அடுக்கு ஒட்டினீர்கள். எந்த அடுக்கில் நார் நேராக ஓட வேண்டும், எதில் சாய்வாக, எதில் குறுக்காக என்ற வரிசை நான் எழுதிக் கொடுத்தது. எவ்வளவு பாரத்துக்கு இழுத்தால் அது அறும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதும் என் வேலைதான். மெஷினில் மாட்டி இழுத்தோம். நான் சொன்ன பாரத்தில் முக்கால்வாசிகூட எட்டவில்லை, படாரென்று பிளந்துவிட்டது.

என் கணக்கு தப்பாக இருக்குமோ என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. “அடுக்கின் கோணம் மாறியிருக்கலாம்” என்று அறிக்கையில் எழுதினேன். ஒரே ஒரு வரிதான் அக்கா. அடுத்த வாரமே சூப்பர்வைசர் சேகரண்ணன் உங்களைப் பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார். ஒவ்வொரு அடுக்கிலும் உரித்த பிளாஸ்டிக் தாளை மேசையில் வரிசையாக வைத்து, எட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிற ஆள் நீங்கள்!

என் மேசைக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டீர்கள். “வெட்டிப் பாத்தியா மா?”

“தேவையில்லக்கா, கணக்குலயே தெரியுது.”

என்ன தலைக்கனம் எனக்கு! “சரி மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மறுநாள் காலையிலும் வந்து சாப்பிட்டாயா என்றுதான் கேட்டீர்கள். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

போன மாதம் அதே வரிசையில் இன்னொரு பலகை செய்தோம். உங்களுக்குப் பின் வந்த பெண்கள் ஒட்டினார்கள், ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வைத்தோம். அதுவும் அதே பாரத்தில், அதே ஓரத்தில் பிளந்தது. ஸ்டோரில் தேடி உங்கள் பலகையை எடுத்து, வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அரைநாள்கூட ஆகவில்லை. எட்டும் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து, கூட்ட வந்த அம்மா பிளாஸ்டர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

தப்பு எங்கே தெரியுமா? ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு தாங்கும் என்று மட்டும்தான் நான் கணக்குப் பார்த்திருந்தேன். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் உள்ள ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவே இல்லை. குவே லாபிஸ் அடுக்குப் பலகாரத்தைப் பிள்ளைகள் ஓரத்திலிருந்து ஒவ்வொரு தட்டாக உரித்துத் தின்னுமே, அப்படித்தான் பலகையும் விளிம்பில் உரியத் தொடங்கியிருக்கிறது. ஒரே பக்கம் சாய்ந்த அடுக்குகளை நான் சேர்த்துச் சேர்த்து வைத்தது அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது. காலேஜில் படித்த பாடம்தான் அக்கா இது. இப்போது வரிசையை மாற்றி, விளிம்புக்கும் கணக்குப் போட்டேன். பலகை நான் சொன்ன பாரத்துக்குப் பக்கத்தில் வந்துதான் உடைகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதை அறிக்கையாகவே எழுதிக் கொடுத்தவள் நான்.

சேகரண்ணனிடம் சொன்னேன். “ஆளே போயாச்சு மா. இப்ப எதுக்குலா பழச கிண்டற? உன் பேருதான் கெடும்.”

கெடட்டும் என்றேன். பழைய அறிக்கை பிழை, தவறு என் கணக்கில் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமா பாலில்லாமல் தே ஓ போட்டுக் கொடுத்தார். உங்கள் மகள் சாந்திக்குப் பாச்சாங்கில் ஆபீஸ் வேலை, அன்று லீவு, அவளும் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். சாந்திதான் முதலில் பேசினாள்.

“அம்மா வீட்ல சொன்னாங்க கா, நான் சரியாத்தான் வச்சேன்னு. நாங்கதான் நம்பல. படிச்ச இஞ்சினியர் தப்பா சொல்வாங்களான்னு கேட்டோம்.”

மாமா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். வீட்டிலும் உங்களைத் தனியாக்கிவிட்டேனே. அதன் பிறகு அந்த வீட்டில் எப்படிச் சமைத்தீர்கள், எப்படிச் சிரித்தீர்கள்?

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் முன் எல்லாரும் கூடும்போது, அந்தத் திருத்தத்தைத் தமிழிலும் மலாயிலும் நானே படிக்கப்போகிறேன். முதல் வரியில் உங்கள் முழுப் பெயர் இருக்கிறது. சாந்தி லீவு எடுத்து வருகிறாள். மாமா வருவதாகச் சொல்லவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அழுகை வந்தாலும் நிறுத்த மாட்டேன். கடைசி வரி வரை படிப்பேன் அக்கா, சத்தியமாக.

நீங்கள் மா, மா என்று கூப்பிட்டே சொந்தமாக்கிக்கொண்ட தங்கச்சி,
ரேவதி