ஜீப்பின் இன்னொரு பக்கம்

ஜூன் 11, புதன்
சைடு ஸ்டெப் பெட்டி வந்துவிட்டது. ஜீப்பின் இரண்டு பக்கத்துக்குமான இரும்புப் படிகள். தூக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. "கடையில குடுத்தா ஒரு மணி நேர வேலை சார்" என்றான் பக்கத்து வீட்டு வெல்டர். தெரியும். கணக்கு வாத்தியார் ஸ்பேனர் பிடிக்கக் கூடாதா என்ன?

என் மனைவிக்குக் கால் முறிந்து நான்கு மாதம். எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் பாதிக்கு மேல் மடங்காது. ஜீப்போ இடுப்பு உயரம். போன வாரம் தூக்கி ஏற்றப் பார்த்தேன். "மூட்டையா நான்? விடுங்க!" அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை. முப்பதாம் தேதி மலைப்பக்கத்து மாடுகளைப் பார்க்கப் போகாவிட்டால், தலைமை அலுவலகத்தில் மேசை வேலையாம். மாட்டு டாக்டருக்கு மேசை! ஒடிந்தே போய்விடுவாள்.

ஜூன் 14
படியைத் தாங்கும் முன் பிராக்கெட்டைப் பின்னால் வைத்துவிட்டு, துளை ஏன் சேரவில்லை என்று இரண்டு மணி நேரம் துளையைத் திட்டினேன். ஜன்னலில் நின்று சிரித்தாள். இதற்காக இன்னொரு தரம்கூடத் தப்பாக மாட்டலாம்.

ஜூன் 15
இடது பக்கம் முடிந்தது! ஏறிக் குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. அவளைக் கூப்பிட்டேன். கைத்தடியோடு வந்தவள் நேராகப் போய் ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்தாள்.

"சீட்டை யாரு பின்னாடி தள்ளினது?"

"நான்தான். லீவு போட்டு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"பெட்டியில இன்னொரு ஸ்டெப் இருக்கே?"

"எனக்கு எதுக்கும்மா? என் கால் நல்லாத்தானே இருக்கு."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 16
என்ன தப்பு செஞ்சேன்? ரெண்டு நாளா மண்ணுல கெடந்து, நகமெல்லாம் கிரீஸு — ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவா?

ஜூன் 17
வெல்டர் வந்து குனிந்து பார்த்தான். "நல்லா மாட்டியிருக்கீங்க. அக்கா பக்கத்துக்கு எப்ப சார்?"

அக்கா பக்கம். பன்னிரண்டு வருடமாக அது அவள் பக்கம். மடியில் மருந்துப் பெட்டியோடு பக்கத்து சீட்டில் உட்காருகிறவன் நான். நாலு மாதம் ஓட்டியதில் சொந்தக்காரனாகிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 21
அவள் பக்கத்துப் போல்ட் துருவேறிக் கிடக்கிறது. முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி விரல் தோல் போனதுதான் மிச்சம். அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இழுக்காதீங்க. எண்ணெய் விட்டு ஊற வைங்க. அவசரப்பட்டா கன்னுக்குட்டியும் வராது, போல்ட்டும் வராது."

மன்னிப்புக் கேட்டேன். "எண்ணெயை விடுங்க மொதல்ல" என்றாள்.

ஜூன் 22
காலையில் போல்ட் கழன்றது. மதியத்துக்குள் படியும் ஏறிவிட்டது. நல்ல காலை முதலில் வைத்தாள், கைப்பிடியைப் பற்றினாள், சறுக்கினாள். பிடிக்கப் போன என் கையை நானே இழுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டாள். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள். வண்டியைக் கிளப்பவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தாள், வெகு நேரம்.

ஜூன் 26
தெருமுனை வரை போய் வந்தோம். நான் பக்கத்து சீட்டில். மடியில் மருந்துப் பெட்டி.

ஜூன் 30, திங்கள்
பள்ளிக்கு பஸ்ஸில் போனேன். மதியம் போன் வந்தது. "சினைமாடு ஒண்ணு கஷ்டப்படுது, வர நேரமாகும். எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடுங்க."

திரும்பும்போதும் பஸ்தான். உட்கார இடமில்லை. வழியெல்லாம் தன்னால் சிரித்துக்கொண்டு நின்றேன்.