உத்தரவு கிடைக்காத ஆடு

பாவா,

காலையிலிருந்து தெரு முழுக்க ஆட்டுத்தலை வாட்டுகிற வாசனை. கங்கம்மா ஜாத்திரைக்கு மறுநாள் வேறென்ன வாசனை வரும்? எதிர் வீட்டில் வாசலிலேயே அடுப்பு மூட்டி, தலையையும் காலையும் நெருப்பில் புரட்டி மயிரைப் பொசுக்குகிறார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டுத்தான் நினைத்தேன், யாருக்காகச் சாத்தினேன் என்று. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். பிடிக்காதவன் நீ. நீதான் இல்லையே.

அஞ்சாவதோடு நின்றவள் நான். கோர்வையாக எழுத வராது. உன்மேல் இருக்கிற கோபம் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

உன் நைனா கங்கம்மா கோயிலில் ஆடு வெட்டுகிறவர். பின்னங்காலைப் பிடித்துக்கொள்வது சின்ன வயதிலிருந்தே உன் வேலை. அந்தக் கால் உதைத்து அடங்கிய பிறகும் கைக்குள் உதைத்துக்கொண்டே இருக்கும் என்று சொல்வாய். கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூட உன் கை எதையோ இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் ஒரு வருஷ ஜாத்திரையில் காலைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திருத்தணிக்கு நடந்து போய்விட்டாய். மலையடிவாரத்தில் உயிர்ப்பலி கூடாது என்கிற சபைக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் போனவனை அப்புறம் நான் முழுசாகத் திரும்பப் பெறவே இல்லை.

சபை உண்டான கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய். கரண்டு வராத காலத்தில் டவுன் வியாபாரிகளும் வக்கீல்களும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஜாத்திரைக்கு வந்தார்களாம். அப்போதெல்லாம் எருமைக்கடா வெட்டுவது உண்டு. வேண்டாம் என்று கும்பிட்டவர்களை ஊரே கல்லால் அடித்துத் துரத்தியதாம். அடுத்த வருஷம் போலீசோடு வந்தார்களாம். எருமை நின்றது, ஆடு நிற்கவில்லை. பிறகு சட்டம் வந்தது, கோயில் வாசலில் போர்டு வந்தது. ஜனங்கள் போர்டுக்குப் பின்னால் போய் வெட்டினார்கள். ஒரு சமயம் அரசாங்கம் கண்டிப்பாகக் கூடாது என்றது, கொஞ்ச நாளில் சரி போ என்று விட்டுவிட்டது. வெள்ளைக்காரன் ஊரிலும் கறி தின்ன மாட்டோம் என்று சங்கம் வைத்தார்களாம், அதில் மில் கூலிக்காரர்களும் சேர்ந்தார்களாம். அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னமோ அந்தக் கூலிக்காரர்கள் உன் பங்காளிகள் மாதிரி.

உனக்கு ஒன்று புரியவில்லை. சபைக்காரர்கள் உன்னை மேடையில் ஏற்றியது உனக்காக இல்லை. "நேத்துவரைக்கும் கத்தி பிடிச்ச குடும்பம், இன்னைக்குக் கை கூப்பி நிக்குது பாருங்க" என்று தலைவர் மைக்கில் சொல்வார். ஜனம் கை தட்டும். நீ சர்க்கஸ் புலி மாதிரி தலை குனிந்து நிற்பாய். கூட்டம் முடிந்ததும் அவர்களுக்கு உள்ளே இலை போடுவார்கள். உனக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதனால் கட்டிக் கொடுத்தார்கள் என்று என்னிடம் சொல்வாய். கடைசி பஸ் எப்போது என்று எனக்குத் தெரியாதா?

நம் மகள் பிறந்தபோது எனக்கு எழுந்து நிற்கத் தெம்பு இல்லை. என் அம்மா நாட்டுக்கோழிச் சாறு வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தாள். நீ தடுக்கவில்லை, திட்டவில்லை. வாசற்படியில் நின்று அழுதாய். அழுகிற ஆம்பளைக்கு முன்னால் எப்படிக் குடிப்பது? தூக்கு திரும்பிப் போயிற்று. கோழிக்காக அழத் தெரிந்த உனக்கு எனக்காக அழத் தெரியவில்லை. அன்றிலிருந்து கருவாடு தின்ன ஆசை வந்தால் வீட்டுக்குப் பின்னால் போய், உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றேன். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று. நீ அவர்களை மாதிரி இல்லை. தலைவர் வீட்டுத் தொழுவத்தில் பசுவுக்குப் பொட்டு வைத்துப் பூஜை நடந்தது. பின்பக்கம் காளைக்கன்றை அடிமாட்டு லாரியில் ஏற்றினார்கள். நீ பார்த்துவிட்டாய். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "ஆட்ட வெட்டாதன்னு ஊர் ஊரா சொல்றோம். அந்தக் கன்னுக்குட்டி எங்கங்க போச்சு?" என்று கேட்டாயாம். அதற்குப் பிறகு உனக்கு மைக் இல்லை. நீயும் அன்றோடு பாலை விட்டாய். டீக்கடையில் பால் ஊற்றாத டீயையே கேட்டதால் எல்லோரும் உன்னை வரடீ என்றே கூப்பிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே பால்குடம் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் நீ வெறும் பூக்காவடியோடு ஏறினாய். எனக்குத் தெரிந்து பாலும் வேண்டாம் என்றவன் இந்தப் பக்கத்தில் நீ ஒருத்தன்தான். அப்போதும் உன்னோடு சண்டைதான் போட்டேன்.

நீ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டேன். ஆத்தா, இவன் எழுந்து உட்கார்ந்தால் உனக்குக் கிடா. வேறு எதைக் கொடுப்பதென்று எனக்குத் தெரியாது. நீ எழுந்து உட்கார்ந்தாய், பால் இல்லாத டீ கேட்டாய். வீட்டுக்கு வந்தபோது என் கொழுந்தன் வாங்கி வந்த குட்டி பின்னால் கட்டியிருந்தது, நெற்றியில் மஞ்சளோடு. வெட்டுகிறவர் மகனுக்கு அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா?

"எனுக்கா?" என்றாய்.

"ஆங். உனுக்குத்தான்."

நீ அழுவாய் என்று பார்த்தேன். அழவில்லை. "இதுக்கு நான் யாருன்னே தெரியாதே" என்றாய்.

அதற்குப் பிறகு உடம்பில் உயிர் இருந்தவரை தினமும் உன் கையாலேயே முருங்கைத்தழை ஒடித்துப் போட்டாய். அது இரக்கமா, பிடிவாதமா? இப்போதும் எனக்கு விளங்கவில்லை. தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். குட்டி கிடாவாகிவிட்டது.

ஜாத்திரைக்குக் காப்புக் கட்டியதும் கொழுந்தன் வந்தான். "அண்ணன் எழுந்து குந்தட்டும்னுதான கேட்ட? குந்துச்சா இல்லியா? ஆத்தா சொன்னத செஞ்சிட்டா அண்ணி. நீதான் பாக்கி வெச்சிகினு கீற" என்றான். அவன் சொன்னது நியாயம். வெட்டுவதென்றுதான் இருந்தேன்.

எப்படியோ சபைக்குத் தெரிந்துவிட்டது. தலைவரும் இன்னும் இரண்டு பேரும் காரில் வந்து இறங்கினார்கள். உன் போட்டோவை சபையில் மாலை போட்டு மாட்டியிருக்கிறார்களாம். உயிரோடு இருந்தபோது கொடுக்காத இடத்தைச் சுவரில் கொடுத்திருக்கிறார்கள். அவர் மனைவியே பலி கொடுத்தால் சபை மானம் என்ன ஆவது என்று கேட்டார்கள். வேப்பமரத்து நிழலிலேயே நின்றார்கள். படி ஏறவில்லை.

நான் சொன்னேன். "வெட்டலிங்க. புதுப் பானைல சோறு வடிச்சிக் கீறேன், கத்திரிக்கா கொழம்பு. எங்க வூட்ல குந்தி ஒரு வாய் சாப்ட்டுப் போங்க. ஆட்ட இப்பவே அவுத்து வுட்டுடறேன்."

தலைவர் வாட்சைப் பார்த்தார். "இன்னைக்குக் கிருத்திகைம்மா. விரதம்."

"கிருத்திகை முந்தாநாளே முடிஞ்சிபோச்சுங்க."

கூட வந்தவர்கள் காரைப் பார்த்தார்கள்.

"செரி, தண்ணியாச்சும் குடிக்கிறீங்களா?"

"வண்டில பாட்டில் இருக்கும்மா."

ஒரு வாய்ச் சோறு, பாவா. ஒரு உயிருக்கு அவ்வளவுதான் கேட்டேன். நீ வருஷக்கணக்காக அவர்களுக்காகப் பலி வேண்டாம் என்ற போர்டு சுமந்தாய். கார் திரும்பிய தூசி சோற்றுப் பானை வரைக்கும் வந்தது. பின்னாலிருந்து கொழுந்தன் சிரித்தான். "அவுங்களே உத்தரவு குடுத்துட்டாங்க அண்ணி."

நேற்று மத்தியானம் ஆட்டைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனோம். நல்ல வெயில். தலைக்கு உன் துண்டைப் போட்டிருந்தேன். பூசாரி வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை ஆட்டின்மேல் தெளித்தார். ஆடு உடம்பை உதற வேண்டும். உதறினால் ஆத்தா உத்தரவு, கத்தி இறங்கும். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. சபையில் சேர்ந்த புதிதில் நீ என்ன செய்தாய் என்று ஊரே இன்னும் சொல்லும். உதறுவதற்கு முன்னால் ஓடிப்போய்த் துண்டால் ஆட்டைத் துடைத்துவிட்டாய். உன் நைனாவே உன்னை அடித்தார்.

ஆடு நின்றது. முதுகில் தண்ணீர் வழிந்தது. அப்போது எனக்கு உன் நினைப்பு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அந்த பாட்டில்தான் நினைப்பில் வந்தது. அவர்கள் தின்னாததற்கு இது ஏன் சாக வேண்டும்? துண்டை உருவி, தலையிலிருந்து வால் வரைக்கும் அழுத்தித் துடைத்தேன்.

"புருசன் கிறுக்கு பொண்டாட்டிக்கும் வந்துட்சி" என்று யாரோ சொன்னார்கள். பூசாரி மறுபடி தெளித்தார். மறுபடி துடைத்தேன். பின்னால் வரிசையில் ஆட்டோடு நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். "எம்மா, வெயில்ல நிக்கிறோம், உன்து ஒரு ஆடுதானா?" பூசாரிக்கு அலுத்துப்போயிற்று.

"உத்தரவு இல்ல. இட்டுனு போ."

கொழுந்தன் கயிற்றை என் காலடியில் போட்டுவிட்டுப் போனான். ஆத்தா கேட்காமல் விட மாட்டாள், என் தலையில்தான் விடியும் என்றான். விடியட்டும். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கோழிச் சாற்றுக்கு இன்றைக்கும் நாக்கு ஊறுகிறது. சபையிலிருந்து உன் போட்டோவைக் கேட்டு வாங்கி வரச்சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன். துண்டைத் துவைத்தேன், மஞ்சள் போகவில்லை. ஆடு முருங்கை மரத்தடியில் கட்டிக் கிடக்கிறது. நீ தழை போடுகிற நேரத்துக்குப் பின்வாசலைப் பார்த்துக் கத்துகிறது.

இன்றைக்கு மத்தியானம் கருவாடு சுட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஆடு பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தின்றேன்.