மூடி வைத்த தட்டு

லண்டன், டிசம்பர் 1958

என் உயிரானவளுக்கு ஸலாம்.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் நம் வம்சத்தையே விசாரித்துவிடுவார்கள். இங்கே பஸ்ஸில் எல்லார் முகமும் பேப்பருக்குள்தான் இருக்கிறது. கல்லூரிக்குப் போய் வருகிறேன்.

உம்மா கடிதம் போட்டிருந்தார்கள். "புள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து தொட்டிலை அவுத்தாச்சு வாப்பா. ஒம் பொஞ்சாதி சோத்தைத் தொட மாட்டேங்கிறா."

அன்றிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கார வெள்ளைக்காரம்மா ஏன் என்று கேட்டார். நோன்பு என்று பொய் சொன்னேன். இது ரமலான் இல்லை என்று அவருக்குத் தெரியாது. தினமும் என் தட்டை மூடி வைத்துவிட்டு, இருட்டுகிறதா என்று சன்னலில் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நேற்று அவர் தட்டை நீட்டியபோது, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "நீ பசித்திருக்கையில் நான் எப்படிச் சாப்பிட?" என்றார்.

இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நீ சோற்றைத் தொடாத வீட்டில் உம்மா மட்டும் சாப்பிட்டிருப்பார்களா? அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னவன்