மிஞ்சிய ஒரு டிக்கெட்

மகளுக்கு,

நீ மான்செஸ்டரிலிருந்து அனுப்பிய இருபது டிக்கெட்டுகளும் குரோருட்டில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு நீ தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போனதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதப்போவதில்லை. வளர்ந்து வரும் வீராங்கனை தன் டிக்கெட்டைத் தானே விற்றால்தான் அடுத்த சண்டை கிடைக்கும் என்று சண்டைகளை ஏற்பாடு செய்யும் உன் புரமோட்டர் சொன்னாராமே, அதனால்தான் விற்க இறங்கினேன்.

முதலில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் இரத்தினவேல் மாமாவிடம் போனேன். குத்துச்சண்டை என்று சொல்லியும், நடன அரங்கேற்றத்துக்குக் கேட்பதைப் போலவே, "பிரதம விருந்தினர் ஆர்? சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டார்.

"ஆறு ரவுண்ட் இருக்கு" என்றேன்.

குடும்பத்துக்கு ஏழு டிக்கெட் எடுத்தார். மாமி பட்டுச்சேலையில் வருகிறார். நடுவருக்குப் போர்த்தப் பொன்னாடையும் வாங்கிவிட்டார்கள். என்னால் தடுக்க முடியவில்லை.

உன்னோடு மோதப்போகிறவள் முப்பது தடவை தோற்றவளாம். புதியவர்களை அப்படிப்பட்டவர்களோடு மோதவிட்டுத்தான் வளர்ப்பார்களாம். பாவம், பார்த்து அடி.

உன் சண்டைகளை நான் பார்ப்பதில்லை. அம்மாதான் கணினியில் பார்க்கிறாள், அதுவும் முழுநேரமும் கண்ணைப் பொத்திக்கொண்டு. நான் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசிப்பேன். மூன்றாவது ரவுண்டில் களைத்ததும் உன் இடது கை கீழே இறங்கிவிடுகிறது. நாலு சண்டையிலும் அப்படித்தான். இதை அம்மா சொன்னாள்.

பத்தொன்பது டிக்கெட்டுகள் விற்றுவிட்டேன். முன்வரிசையில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மூன்று பேர் வந்து கேட்டார்கள்.

"அது வித்துப்போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பேப்பர் வாசிக்கும் அப்பா