சரிவு மேடை

மார்ச் 3

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. அரங்கத்தை இடிக்க வந்தபோது வாசலில் படுத்துக்கிடந்தவன் நான். இப்போது புதுப்பித்துத் திறக்கிறார்கள், நிகழ்ச்சிப் பொறுப்பு உன் கையில். திறப்பு வாரம் பெரிய மேடையில் மெல்லிசை, நடனம், குழந்தைகள் சினிமா, வியாபாரிகள் சங்கக் கூட்டம். என் நாடகத்துக்கு மாடியில் சின்ன அறை, அதுவும் ஊரே சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில். நன்றாயிருக்கிறது உன் நியாயம்.

அந்த மேடையைச் சொல்லிச் சொல்லித்தான் என் ஆட்களை இத்தனை வருஷம் பிடித்துவைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நீ விட்ட 'அன்புள்ள'வை நானும் போடப்போவதில்லை. படுத்துக்கிடந்தாய், சரி. அதன்பிறகு ஒழுகிய கூரைக்கும் கரையான் தின்ற படிக்கட்டுக்கும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது யார்? பழைய டிக்கெட் கூண்டில் இப்போது காபி விற்கிறோம். அந்தச் சங்கக் கூட்டமும் காபியும் இருப்பதால்தான் உன்னைப் போன்றவர்களுக்கு விளக்கு எரிகிறது.

கமிட்டியில் சண்டை போட்டுப் பெரிய மேடையை வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை. நன்றியெல்லாம் எதிர்பார்க்கவில்லை. ஒருமுறை வந்து மேடையைப் பார்த்துவிட்டுப் போ, சில மாற்றம் செய்திருக்கிறோம்.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

அந்த மேடையை நீ எனக்குக் காட்டவேண்டாம். அப்பா அங்கே திரை இழுத்த காலத்தில், பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்த அந்தச் சரிவில்தான் தவழ்ந்தேன். எங்கள் ஒத்திகைக் கொட்டகையில் அதே சரிவுக்குப் பலகை அடித்துத்தான் பயிற்சி நடக்கிறது. சரிவில் நேராக நிற்கும்படி மேசை நாற்காலிக்கெல்லாம் முன்கால் நீளமாக வைத்துச் செய்தாயிற்று. உன் மாற்றத்தை நீயே வைத்துக்கொள். நான் டிக்கெட் வாங்கி பால்கனியில் உட்காருவேன். நீ ஆளுகிற மேடையில் கால் வைக்கமாட்டேன்.

தம்பி


மார்ச் 24

அக்காவுக்கு,

பார்த்தாய் அல்லவா? கடைசிக் காட்சி முழுக்க மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் இம்மி நகரவில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேடை தெரிந்தவனுக்கும் ஆபீஸ் தெரிந்தவளுக்கும் அதுதான் வித்தியாசம். இனி உன் சிபாரிசும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

இத்துடன் ஒரு பை வருகிறது. உள்ளே இருப்பது உன் மேசை நாற்காலிகளின் முன்கால் துண்டுகள்.

மேடையைச் சமமாக்கி வெகுநாளாகிறது. சரிவில் நடனக்காரர்களுக்கு முட்டி போகிறது. உன் கடிதத்தைப் பார்த்ததும் சொல்லிவிடத்தான் பேனாவை எடுத்தேன். 'நீயே வைத்துக்கொள்' என்ற வரியைப் படித்ததும் மூடிவிட்டேன். நாலு பேர் முன்னால் கவிழட்டும் என்றுதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலை பின்வாசலில் சாமான் இறங்கியது. உன் குழுவின் பெரியவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், மல்லாந்தார். யாரும் சிரிக்கவில்லை. "இது அவருக்குத் தெரிஞ்சா நாங்க தொலைஞ்சோம்மா" என்றார் கீழே கிடந்தபடியே. எங்கள் தச்சரைக் கூப்பிட்டேன். "சொல்லாம அறுத்தா உங்க தம்பிக்குக் கோபம் வராதா?" என்றார். "அவன் கோபம் எனக்கென்ன புதுசா, அறுங்க" என்றேன்.

உன் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். உனக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த நாற்காலிகள் இனி உன் கொட்டகைப் பலகையில் நேராக நிற்காது. வேண்டுமானால் துண்டுகளை ஒட்டிக்கொள். இல்லையென்றால் பலகையைப் பிரித்துப்போட்டுவிட்டு இங்கே ஒத்திகைக்கு வா. காலையில் பெரிய மேடை சும்மாதான் கிடக்கிறது. வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

அக்கா